மரத்தின் நிழல்

வீரகத்தி மவுசை இழுக்க, திரையில் பிரதீபன் பட்டுவேட்டியோடு கோயில் வாசலுக்கு வந்து சுகந்தினிக்குப் பக்கத்தில் நின்றான். கால் நிலத்தில் படவில்லை.

"அண்ணை, பேய் மாதிரியெல்லோ நிக்கிறார்," என்றாள் சுகந்தினி.

"பொறு தங்கச்சி. கனடாவில பனிக்குள்ள நிண்டு எடுத்த படம். வெயிலுமில்லை, நிழலுமில்லை. விறைச்சுப்போய் நிக்கிறான், பாவம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கொழும்பில் விசா நேர்முகம். கலியாணப் படம் கேட்டிருந்தார்கள். கலியாணம் உண்மை. மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது, இதே பிள்ளையார் கோயிலில், இதே பாலைமரத்தின் கீழ் நடந்தது. அடுத்த வருசம் அவன் கனடா போனான். அல்பம் குடியிருந்த கொட்டிலோடு எரிந்தது. அதற்குப் பிறகு தொலைபேசிக் குரல்தான் புருசன். இந்த முறை மறுத்துவிட்டால் இனி எப்போதோ. நேற்று உச்சி வெயிலில் இரவல் கூறைச் சேலையோடு அந்த மரத்துக்கு முன்னால் தனியே நின்றாள். வீரகத்தி இந்தக் கிளிநொச்சி ஸ்ரூடியோவிலிருந்து கமெராவோடு வந்து எடுத்தார்.

இப்போது அவர் பிரதீபனின் காலடியில் கொஞ்சம் கறுப்பைத் தடவினார். அவன் நிலத்தில் இறங்கினான். முகத்துக்கு வெயில் பூசினார்.

"இப்பதான் மாப்பிள்ளை."

சுகந்தினி திரையில் விரலை வைத்தாள். "அண்ணை, நிழல் காலுக்குள்ள கிடக்கு. முகூர்த்தம் விடியக்காலமை எண்டெல்லோ விசாப் படிவத்தில எழுதிக் குடுத்தனான்."

"வெள்ளைக்காரன் நிழலை அளந்தே பாக்கப்போறான்?"

"கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் முணுமுணுத்தபடி இருவரின் நிழலையும் நீட்டினார். மரத்தின் நிழல் மட்டும் அடியிலேயே வட்டமாகக் கிடந்தது. வெளியே வான்காரன் ஹோன் அடித்தான். ஓமந்தைச் சோதனைச் சாவடி மூடமுதல் போகவேண்டும்.

"மரத்தை எடுத்துவிடுறன். அலுவல் முடிஞ்சுது."

"மரத்தில கை வையாதேங்கோ!" குரல் எழும்பிவிட்டது. "அதுக்குக் கீழ இருந்துதான் அவர் தாலி கட்டினவர்."

"அப்ப மரத்துக்கு மத்தியானம், உங்களுக்குக் காலமை."

"இருக்கட்டும். அப்பிடியே பிரிண்ட் அடிச்சுத் தாங்கோ."

மறுநாள் முற்பகல் அவளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி படத்தைப் பார்த்தார். எப்போது எடுத்தது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். முந்தநாள், என்றாள். அவர் கனடாவில் தனியே நின்றார், நான் இங்கே தனியே நின்றேன், சேர்த்து ஒட்டியது, என்றாள். அல்பம் எரிந்ததையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் கொண்டுவந்த விவாகப் பதிவுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பித் தந்தார். முடிவு தபாலில் வரும் என்றார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வவுனியா பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.