பந்தல் வரைக்கும் ஒரு மெட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நாங்கள் கிரிக்கெட் டோர்னமெண்ட் ஆடினோம். மைக்செட் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பார். ஒல்லியான ஆள். ஓவருக்கு ஓவர் கீபோர்டு கட்டைகளில் படிந்த வெள்ளை மண்ணை ஒரு துணியால் துடைப்பார். சிக்ஸர் போனால் குத்துப்பாட்டு. யாராவது அவுட்டானால் மட்டும், அவன் ஆட்டக்காரர்கள் உட்காரும் பந்தலுக்குப் போய்ச் சேரும்வரை மெல்லிய ஒரு மெட்டு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவுட்டானவர்கள் அவமானத்தில் பந்தலுக்கு ஓடிவிடுவதால் அந்த மெட்டு ஒருநாளும் முடிந்ததில்லை.

டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். “அவுட்டுக்கு வாசிக்கிறீங்களே, அது எந்தப் படத்துப் பாட்டுண்ணா?”

“படம் இல்ல தம்பி. எம் பொண்ணைத் தூங்க வெக்கறதுக்கு நானே போட்டது.”

“இப்பவும் வாசிச்சாதான் தூங்குமா?”

துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அது தவறிப்போயி நாலு வருஷமாவுது. வூட்டுல வாசிச்சா அவங்கம்மாவால தாங்க முடியல. இங்கன்னா வாசிச்சுக்கலாம். சிரிக்கிறாங்க, பரவாயில்ல.”

அடுத்த ஆட்டத்தில் முதல் பந்திலேயே எனக்கு ஸ்டம்பு போனது. மெட்டு தொடங்கியது, கூட்டம் சிரித்தது. “சீக்கிரம் வாடா” என்று எங்கள் கேப்டன் கத்தினான். நான் முடிந்த அளவு மெதுவாக நடந்தேன். அப்போதும் மெட்டு முடியவில்லை. பந்தலுக்கு நாலடி முன்னால் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினேன்.