பித்தளைக் குழாயிலை மஞ்சள் முடிச்சு

இண்டைக்கும் பருத்தித்துறைப் பட்டறைக்குப் போனன். என்ரை ரேஸ் காரின்ரை எஞ்சின் காத்து இழுக்கிறதுக்கு ஒரு பித்தளைக் குழாய் சொல்லிவைச்சு மாசக்கணக்காச்சு. எப்ப கேட்டாலும் "வாற கிழமை" தான்.

பட்டறைக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். உள்ளுக்கை எட்டிப் பாத்தன்.

குழாய் முடிஞ்சு, பளபளவெண்டு சுவரிலை தொங்குது. அதிலை மஞ்சள் துணியாலை காசு முடிஞ்சு கட்டியிருக்கு.

திரும்பி வந்தவர் தலையைச் சொறிஞ்சார்.

"உங்கடை அம்மா கட்டினது தம்பி. சந்நிதி முருகனுக்கு நேர்த்திக்கடனாம். மூத்தவனை அந்தக் கார் கொண்டுபோட்டுது, இளையவனாவது ரேஸ் ஓடாமல் இருக்கவேணுமெண்டு அழுதா. அந்த முடிச்சை நான் எப்பிடி அவிழ்க்கிறது?"

ஓம், அண்ணை செத்த காரைத்தான் திருத்துறன். குழாய் பிந்துதெண்டு பட்டறைக்குக் கொண்டுபோன கோவம் எங்கை போச்செண்டு தெரியேல்லை. குழாயைத் தொடாமல் வந்திட்டன்.

அம்மா வீட்டு வாசல் படலையடியிலை நிண்டா.

"குழாய் முடிஞ்சுதோ?"

"இல்லையணை அம்மா. வாற கிழமையாம்."

"உவங்கள் உப்பிடித்தான், சொன்ன சொல்லுக்கு நிக்கமாட்டாங்கள்" எண்டு திட்டினா. முகத்திலை அப்பிடியொரு நிம்மதி.

நானும் சேர்ந்து திட்டினன்.

அம்மாவைக் கண்டால் நீங்களும் அந்த மனுசனை ரண்டு வார்த்தை திட்டிவிடுங்கோ.