வேட்டைக்குப் போகாதவனின் பூட்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஜொகூரில் காஹாங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். வேனின் இஞ்சின் போனது, அதோடு பிழைப்பும் போனது. ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். என் வீட்டுக்காரம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்காருவதுதான் ஒரு நாளில் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. ஐம்பத்து மூன்று வயதுக்காரனை யார் கூப்பிடுவார்கள்? தினமும் விளக்கேற்றி முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தோட்டத்தில் வேலி பார்க்க ஆள் தேவை என்று தெரிந்தது. அங்கே காட்டு யானைகள் வந்து செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கித் தின்றுவிடும். அதற்காகக் காட்டோரமாக மின்வேலி போட்டிருக்கிறார்கள். கொடி படர்ந்திருக்கிறதா, கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கிறதா என்று காலையில் நடந்தே பார்த்து வரவேண்டும். திங்கட்கிழமை மண்டோரோடு ஒரு நாள் நடந்து காட்டு, மண்டோர் சரி என்று சொன்னால் வேலை உனக்கு என்றார் மானேஜர். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர்.

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர். மீசை வைத்த ஆளாக இருப்பார் என்று நினைத்து, அன்றைக்கே முகம் காட்டிவிட்டு வரப் போனேன். நாற்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலைப் பார்த்தார். ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தேன்.

“இதோட வந்தீங்கன்னா அட்டை உறிஞ்சே உங்கள முடிச்சிரும் அண்ணே. நல்ல பூட்ஸா பாத்து வாங்குங்க. புதுசுன்னா வீட்டுக்குள்ளயே தெனம் ஒரு மணி நேரம் போட்டு நடங்க. இல்லன்னா குதிகால் போச்சு.”

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை மாலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெட்டியின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரனும் ஒரு நாயும் இருந்தார்கள். வேட்டைக்காரர்கள் போடும் பூட்ஸாம், ஆயுசுக்கும் உழைக்குமாம். வெள்ளிக்கிழமையானால் கொசுவைக்கூட அடிக்காத எனக்கு வேட்டைப் பூட்ஸ்! குதிகால் பக்கம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல்தான் வளைந்தது.

வீட்டுக்குள் போட்டு நடக்க வேண்டும் என்று சொன்னதும் வீட்டுக்காரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் சாமி மாடம் ஹாலிலேயே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு செருப்பும் எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் மண்ணில் படாத பூட்ஸ்தானே, மண்ணில் படும்வரை அது செருப்புக் கணக்கில் சேராது என்று வாதாடினேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“மண்ணுல படலன்னா செருப்பு இல்லயா? அப்ப அடுப்புல வைக்காத மீனு சைவமா?”

பெட்டியை மூடி வாசலிலேயே வைத்தேன். ஆனாலும் புதுப்பொருளாயிற்றே. பூட்ஸில் மஞ்சள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, வைக்காமல் விடவும் மனம் வரவில்லை. கடைசியில் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் கார் நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொண்டு இரண்டு சுற்று நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டார். கழற்றிவிட்டேன். பன்னிரண்டு வருடம் வெறுங்காலோடு தார் ரோட்டில் காவடி எடுத்தவன் நான். அலகு குத்தியபோதே முகம் சுளிக்காதவனை ஒரு தோல் பூட்ஸ் என்ன செய்துவிடும்? அப்படித்தான் நினைத்தேன். ஆணவம், வேறென்ன.

திங்கட்கிழமை காலை மண்டோர் என் பூட்ஸைப் பார்த்து, போட்டுப் பழகினீர்களா என்று கேட்டார். தலையை நன்றாகவே ஆட்டினேன்.

நடந்தோம். அரை மணி நேரம் ஆனதும் அவர் ஒரு கட்டையில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றினார். காலுறைச் சுருக்கத்தை நீவிவிட்டு, குதிகாலில் ஒரு துணி பிளாஸ்திரியை ஒட்டினார். இப்போதுதான் சூடு வருகிறது, இப்போதே ஒட்டிவிட்டால் தொல்லை இல்லை என்றார். உங்களுக்கு எப்படி என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். என் குதிகாலில் அப்பளமே பொரிக்கலாம்போல இருந்தது. கொஞ்சம் சூடானதற்கே உட்கார்ந்துவிட்டாரே என்று மனதுக்குள் வேறு சிரித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அடிக்கு ஒரு ‘முருகா’ சொல்லி நடந்தேன். ஒரு மணி நேரத்தில் முழுப் பெயர் சொல்ல மூச்சு இல்லை. ‘மு’ என்று மட்டும் வந்தது. நுனிக்காலில் நடந்தேன். தீமிதி மாதிரி நடக்கிறீர்களே என்று அவர் கேட்டதற்கு, தரை ஈரமாக இருக்கிறது என்றேன். அன்று மழையே இல்லை.

இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் ஆட்கள் இளைப்பாறும் கொட்டகை, முடிந்தது என்று இருந்த நேரத்தில் அவர் சட்டென்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வேலி ஓரிடத்தில் சாய்ந்து கிடந்தது. எங்கள் பாதையின் நடுவில் யானைச் சாணம், ஆவி அடங்காமல் கிடந்தது. குரலைத் தாழ்த்தி, திரும்பிப் போய் உள்ரோட்டு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மூன்று கிலோமீட்டர்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யானை இந்நேரம் தூரமாகப் போயிருக்கும், நேராகவே போய்விடலாம் என்று. எனக்கு யானையைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவர் சாணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக என் காலைப் பார்த்தார்.

“அண்ணே, யானைக்குப் பயப்படாம பூட்ஸுக்குப் பயப்படுறீங்களா?”

உள்ளே எங்கேயோ ஒரு மட்டை முறியும் சத்தம் கேட்டது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெட்டவெளியான ரோட்டுக்கு வந்த பிறகுதான் உட்காரவிட்டார்.

பூட்ஸைக் கழற்றினேன். காலுறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கிற தண்ணீரை ஊற்றி மெதுவாகப் பிரித்தெடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தாங்க முடியாமல் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். தலையாட்டியது பொய் என்பதிலிருந்து மீன் சைவமா என்று வீட்டுக்காரம்மா கேட்டதுவரை. மீன் வந்ததும் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். யானை கேட்டுவிடப் போகிறதே என்று சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு தன் பையிலிருந்து, கொட்டகையில் போட வைத்திருந்த சிலிப்பரை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிறம், மேலே ஒரு பூ. என் பாதத்தில் பாதிதான் அதற்குள் போனது. குதிகால் வெளியே தொங்கியது, அதுதான் அப்போது சுகம். வேட்டைப் பூட்ஸைக் கயிறு முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் மானேஜரின் வண்டி வந்து நின்றது.

அவர் பூட்ஸைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த மலாயில் நானே சொன்னேன். கால் வலித்ததை மறைத்தேன், யானை இருக்கும் வழியில் இவரையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன் என்று. மானேஜர் மண்டோரைப் பார்த்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் நடக்கவைத்துப் பார்க்கலாம் என்றார் மண்டோர். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னார்.

“நடக்க முடியலன்னா அது ஒண்ணும் குத்தமில்ல அண்ணே. வலிக்குதுன்னு வாயத் தொறக்காத ஆளோட இந்த வேலியோரம் நடக்கத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

வீட்டுக்கு வந்தேன். என் காலைப் பார்த்து வீட்டுக்காரம்மா அழுதார், மஞ்சள் பற்றுப் போட்டார், புண் ஆறும்வரை என்னை நடக்கவிடவில்லை. ஆறியதும் அவரே பூட்ஸின் அடியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, பின்பக்கச் சமையலறையில் பழைய போர்வையை விரித்து, இதுவரைக்கும் வரலாம், இதற்கு மேல் ஓரடி வைக்கக்கூடாது என்று எல்லை காட்டினார். மண்டோர் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். உள்ளே மெல்லிய காலுறை, மேலே தடித்தது. குதிகாலில் காய்ந்த சோப்புத் துண்டைத் தேய்த்துக்கொள்வது. குதிகால் உள்ளே ஏறி இறங்காதபடி கணுக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டுவது. வீட்டுக்காரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, சூடாகிவிட்டதா என்று கேட்பார். ஆகிவிட்டது என்றால் உடனே கழற்றிவிட வேண்டும், வீரம் காட்டக்கூடாது.

ஒரு நாள் அப்படி அவர் கேட்டபோது, கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை இல்லாத அந்த ஐந்து மாதமும் என் மனது பட்ட பாடு வாயில் வந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால் வந்தது என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் முழு வேலியையும் நடந்து முடித்தேன். வழியில் மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் நானாகவே கேட்டு உட்கார்ந்தேன். வேலை கிடைத்தது, இன்றும் அந்த வேலியோரம்தான் நடக்கிறேன். வலியைச் சொல்லாமல் தாங்கினால்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று ஐம்பத்து மூன்று வயதுவரை நினைத்துக்கொண்டிருந்த நான், இப்போதெல்லாம் விளக்கேற்றியதும் எங்கே வலிக்கிறது என்பதை முதலில் முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறேன்.