மொட்டைப் பெட்டிஷனும் டான்ஸ் மேட்டும்

போன மாதம், ஓர் அரசு அதிகாரி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டான்ஸ் ஆடியதைப் பார்த்தேன். திண்டுக்கல்லில்தான். பட்டப்பகலில்தான். அதுவும் ஆபீஸ் வேலையாக வந்த இடத்தில்!

நம்ப முடியவில்லையா? நம்ப வேண்டாம். சட்டென்று எதையும் நம்பிவிடுகிறவர்களை எனக்கே அவ்வளவாகப் பிடிக்காது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஓசியில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால், டீயைப் பார்க்க மாட்டேன் நான். அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அப்படித்தான் எங்கள் தெரு சவரிமுத்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். நிலக்கோட்டை மல்லிகையை மோந்து பார்த்தே எப்போது பறித்தது என்று சொல்கிற அளவுக்கு மூக்கு உண்டு. ஆனால் டீக்கடையில் அவர் கை சட்டைப் பைக்குள் போய் நான் பார்த்ததில்லை. என்ன விஷயம்?

"அண்ணே, தங்கச்சிக்கு ஒரு சிக்கலு. விசாரணைக்கு ஆபீசர் வாராரு. நீங்க செத்த நேரம் கூட நின்னாப் போதும்."

"நான் நின்னு என்ன செய்ய?"

"பத்திரிகைல எழுதுறவருன்னு சொல்லிக்கிடுவேன். அம்புட்டுத்தேன்."

வாராவாரம் ஒரு பக்கம் எழுதுகிறவனைப் பார்த்து எந்த ஆபீசர் பயப்படப் போகிறார்? ஆனாலும் விஷயம் என்னவென்று கேட்டேன்.

அவருடைய தங்கையை ரெஜினா என்று வைத்துக்கொள்வோம். (உண்மைப் பெயர் அதுவல்ல; அண்ணன் பெயரும் மாற்றியதுதான். ஆனால் எழுதச் சொல்லி அனுமதி தந்தது அவரேதான்.) சின்ன வயதில் வந்த விஷக் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அதற்கு முன்பே பேசப் பழகிவிட்டதால் பேச்சு வரும். ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஊனமுற்றோர் கோட்டாவில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை.

அந்த வேலைக்குத்தான் உலை வைத்திருந்தது, கையெழுத்தில்லாமல் வந்த ஒரு மொட்டைப் பெட்டிஷன். 'காது கேட்காது என்று பொய் சர்டிபிகேட் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார். சந்தேகம் இருந்தால், சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கமுள்ள கேம்ஸ் சென்டரில் போய்ப் பாருங்கள். சினிமாப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் ஆடுகிறார்.'

இதைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். காரணம், ஆட்டத்தைப் பற்றிப் பெட்டிஷன் சொன்னது பொய்யில்லை. அவர் ஆடுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த கேம்ஸ் சென்டருக்கு நானும் போகிறவன்தான். மகளைக் கூட்டிப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வது. போனால் அவள் பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுவாள்... ஆடுவது நான். மாடியில் இரண்டே அறை. நடத்துகிறவர் சாதிக். எதையும் ரிப்பேர் செய்வார், எதற்கும் பதற மாட்டார். டி.வி.யோடு இணைத்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போட்டிருப்பார். டான்ஸ் மேட். அதில் நான்கு பக்கமும் நான்கு அம்புக்குறிகள். பாட்டு ஓட ஓட, டி.வி.யின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறி வரும். உச்சியில் இருக்கிற கோட்டைத் தொடுகிற நொடியில் காலால் அதே அம்பை மிதிக்க வேண்டும். முந்தினால் போச்சு. பிந்தினாலும் போச்சு.

இந்த மாதிரி மியூசிக் விளையாட்டுகள் நாலைந்து ஆடிப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டரில் கலர் கலராக விழுகிற கட்டிகளைக் கீ-போர்டால் தட்டுகிற விளையாட்டு ஒன்று. நல்ல விளையாட்டு, ஆனால் விரல் மட்டும்தான் ஆடும், உடம்பு சும்மா கிடக்கும். குச்சியால் டிரம் அடிக்கிற ஒன்றையும் சாதிக் கொஞ்ச நாள் வைத்திருந்தார். அதில் அடித்தாலும் மார்க், அடிக்காவிட்டாலும் மார்க். எனக்குச் சந்தேகம் வராதா? கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன், 'சபாஷ்' என்றது! அன்றோடு அதைத் தொடுவதில்லை.

டான்ஸ் மேட் அப்படியில்லை. மிதித்தால் மிதித்தது, விட்டால் விட்டது. அந்த நொடியே டி.வி.யில் தீர்ப்பு வந்துவிடும். ஆள் யார், அம்மா அப்பா யார் என்று கேட்காது. நான் சந்தேகமே படாமல் ஆடுகிற விளையாட்டு அது ஒன்றுதான்.

ஆனால் பாட்டே கேட்காத ஒருவர் அதில் என்னை ஜெயிக்கிறார் என்றால்? உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் இடித்தது.

ஆபீசர் வருகிற அன்று, கேம்ஸ் சென்டர் படிக்கட்டில் நின்றிருந்த ரெஜினாவிடம், முகத்துக்கு நேரே நின்று கேட்டேவிட்டேன்.

"பாட்டு கேக்காம இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?"

என்னைப் பார்த்தார். நான் விசாரிக்கிறேனா, விசாரணையே செய்கிறேனா என்று எடை போடுகிற பார்வை.

"பாட்டுதேன் கெடைக்குது" என்றார், அந்த ஒரே சீரான குரலில். "அம்பு நெருக்கமா வந்தா குத்துப்பாட்டு. தள்ளித் தள்ளி வந்தா சோகம். நடுவுல வராமயே நின்னுச்சுன்னா, பாடுறவங்க மூச்சு வாங்குறாங்கன்னு நெனச்சுக்குவேன். எம்புட்டோ வருசம் கழிச்சு இதுலதேன் பாட்டு எப்படிப் போகும்னு தெரியுது."

ஒரு விளையாட்டை நல்ல விளையாட்டு என்று நான் சொன்ன காரணமெல்லாம் இதற்கு முன்னால் எங்கே நிற்கும்?

விசாரணை அதிகாரி மதுரையிலிருந்து வந்தார். முறையாக மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவதற்கு முன், பெட்டிஷனில் சொன்ன இடத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே, ரெஜினாவின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ணங்கென்று கீழே போட்டார். ரெஜினா திரும்பவில்லை. ஆபீசர் முகத்தில் திருப்தி வந்ததா? இல்லை. 'திரும்பாம இருக்கப் பழகியிருக்கலாம்' என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

"ஆடச் சொல்லுங்க" என்றார்.

ரெஜினா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினார். வேகமான பாட்டு. ஒரு அம்பைக்கூட விடவில்லை.

"சத்தத்தை நிறுத்துங்க."

சாதிக் டி.வி.யை ஊமையாக்கினார். அதே ஆட்டம், அதே மார்க்.

"பாட்டு மனப்பாடம் ஆயிருக்கும். புதுசா ஒண்ணு போடுங்க."

புதிது போடப்பட்டது. முன்பின் ஆடாத பாட்டு என்பதால் அங்கங்கே தப்பு விழுந்தது. ஆபீசர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "வேணும்னே தப்பு பண்றாங்களோ?"

பாருங்கள்! சரியாக ஆடினால் காது கேட்கிறது. தப்பாக ஆடினால் நடிப்பு. இதில் அந்தப் பெண் எந்தப் பக்கம் கால் வைப்பார்?

அவர் மெதுவாகப் பேசினார்தான், ஆனால் உதடு அசைந்ததே. பாட்டு முடிந்து திரும்பிய ரெஜினா அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்துபோனது. சவரிமுத்து, "ஏம்மா, விடும்மா..." என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு சாதிக்கிடம் போனார்.

"டேப் ரிக்கார்டு எடு. வேற சத்தம் போடு. திருவிழா மேளம். பெருசா வையி."

"அக்கா, ரெண்டும் ஒண்ணா ஓடுனா யாருக்கும் ஆட வராதுக்கா" என்றார் சாதிக்.

"வராதுல்ல? அதுக்குத்தேன்."

ஒரு பக்கம் டி.வி.யில் சினிமாப் பாட்டு. இன்னொரு பக்கம் டேப்பில் தப்பும் தவிலும் வேறு நடையில் போட்டு உலுக்குகிற மேளம். கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். என் மண்டைக்குள் இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. என்னையறியாமல் என் கட்டைவிரல் மேளத்தோடு போய்விட்டது. ரெஜினா மட்டும் அம்புகளைப் பார்த்தபடி, ஏதோ ஆளில்லாத அறையில் நிற்பதுபோல ஆடினார். ஒரு தப்பு இல்லை.

இறங்கி வந்து, மூச்சு வாங்க, ஆபீசர் முன்னால் நின்றார்.

"இப்ப நீங்க ஏறுங்க சார்."

"நானா?"

"ஈசியா ஒண்ணு போடச் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என்ன நினைத்தாரோ... குனிந்து ஷூவைக் கழற்றினார். மேளம் இல்லாமல் ஆடியபோது ஓரளவு சமாளித்தார். ரசித்தார் என்றே சொல்லலாம். பிறகு சாதிக் மேளத்தை ஏற்றினார். அவ்வளவுதான்! மனுஷன் கால் மேளத்தோடு ஓடிப்போய்விட்டது. இடது அம்பு வந்தால் வலது, வலது வந்தால் வெறுந்தரை. சவரிமுத்து உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டார்.

ரெஜினா சிரிக்கவில்லை.

"காது காலை இழுக்குது சார் உங்களுக்கு" என்றார். "எனக்கு இழுக்க ஆளில்ல."

மேளத்தை யாரோ நிறுத்தினார்கள். ஆபீசர் இறங்கி வந்து, ஷூ மாட்டாமலே, ரெஜினாவின் முகத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னார்: "போர்டுக்கு அனுப்பாம இருக்க முடியாதும்மா. ரூல் அப்படி. ஆனா என் ரிப்போர்ட்டுல நான் பாத்ததை எழுதுவேன்."

எழுதினார். ஏனோ அவர் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கே அது ஆச்சரியம். மதுரையில் டாக்டர்கள் சோதித்தார்கள். முதல் சர்டிபிகேட்டில் என்ன இருந்ததோ அதேதான். பெட்டிஷன் தள்ளுபடி. வேலைக்கு ஆபத்தில்லை.

பெட்டிஷன் போட்டது யார்? தெரியவில்லை. எனக்கு அந்த ஆபீஸில் எல்லோர் மீதும் சந்தேகம்தான். தீர்ப்பு வந்த அன்று முதல் ஆளாக ஓடிவந்து கை கொடுத்தாராமே, அந்த சூப்பர்வைசர் மீது கொஞ்சம் கூடுதலாக. சவரிமுத்து கண்டுபிடித்தே தீருவேன் என்று குதித்தார். ரெஜினாதான் வேண்டாமென்று தடுத்துவிட்டார்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் அவரைப் பார்த்தேன். "ஆபீஸ்ல இப்ப எல்லாம் சரியாயிருச்சா?" என்று கேட்டேன்.

தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். "முன்னாடி எல்லாரும் வாயத் தொறந்து பேசுவாங்க. நானும் பாத்துப் புரிஞ்சுக்குவேன். இப்ப நான் வந்தாலே ஒதட்ட அசைக்காம குசுகுசுன்னு பேசுறாங்க. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததை அந்த ஆபீஸ் இன்னும் நம்பவில்லை. காது கேட்காதவரின் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து, ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.