பிரிக்கிற வேலை

மருமகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மாமியார் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "பிரிக்கிற வேலை." கேட்டவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, "புரதத்துல இருக்கற அமிலத்தை எல்லாம் பிரிக்கிறாளாம், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்பாள். கடைசியில் வீட்டில் அவளுக்குப் பெயரே பிரிக்கிறவள் என்றாகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வது மணிகள். மணலை விடப் பொடியான பிசின் மணிகள். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே அமினோ அமிலக் கலவையை விட்டால், மணிகளில் உள்ள மின்னூட்டம் அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசலை ஊற்ற ஊற்ற, ஒவ்வொன்றாகக் கைவிடும். எல்லாம் ஒழுங்காகத் தனித்தனியே இறங்கும், லூசினும் ஐசோலூசினும் தவிர. அதுகள் இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி சேர்ந்தேதான் வரும். அவளும் பிசினைக் கலக்கும் வேகத்தை மாற்றினாள், மணியின் இறுக்கத்தை மாற்றினாள், குட்டிக்கரணம் போடாத குறைதான். அதுகள் மசியவில்லை.

அவள் விடாததற்குக் காரணம் உண்டு. ஒருவகைப் பிறவிக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் இவ்விரண்டையும் தனித்தனியே அளந்தால்தான், என்ன பால் கொடுப்பது என்று டாக்டர் சொல்ல முடியும். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "இந்தத் தடவையும் நடுவுல வெள்ளை விழலேன்னா விட்டுடலாம்மா" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளை என்றால் இதுதான். குழாயிலிருந்து சொட்டுவதை வரிசையாகச் சின்னக் குப்பிகளில் பிடிப்பார்கள். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் வரிசையாக வைத்து, மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால், அமிலம் இருக்கும் இடமெல்லாம் ஊதாவாகும். இரண்டு ஊதாவுக்கு நடுவே வெள்ளை இருந்தால் இரண்டும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம்.

அன்று சொட்டுகளை வைத்துவிட்டு, தாளை விசிறிக் காற்றில் உலரப் போட்டு, மருந்து எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். திரும்பி வந்தால் புருஷன் நிற்கிறான். மரவேலை செய்கிறவன், அவள் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்திருந்தான்.

"ஐயோ, இங்கெல்லாம் வரக்கூடாதுங்க! மேலாளர் வர்ற நேரம், கிளம்புங்க முதல்ல!"

"வச்சுட்டுப் போயிட்டே இருக்கேன், ஏன் இந்த விரட்டு விரட்டுற?" என்று மேசையில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போனான்.

மேலாளர் வந்தார். தெளித்தார்கள், சூடு காட்டினார்கள். இந்தப் பக்கம் ஊதா, அந்தப் பக்கம் ஊதா. பாழாய்ப்போன நடுவிலும் ஒரு ஊதா!

"போதும்மா. நீங்களும் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவீங்க" என்று மேலாளர் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது தீர்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நடுவில் இருந்தது சொட்டின் வட்டமே இல்லை. கோடு கோடாக ரேகை! கட்டை விரல் ரேகை, குறுக்கே ஒரு தழும்பு. உளி பட்டு வந்த தழும்பு. அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டவளுக்குத் தெரியாதா அது யார் விரலென்று? விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டே.

"சார், ஒரு நிமிஷம்! குப்பியெல்லாம் அப்படியே இருக்கு!" என்று ஓடினாள். புதுத் தாள், இடுக்கியால் எடுத்து, அதே சொட்டுகள். இந்தமுறை நடுவில் வெள்ளை விழுந்தது. பளிச்சென்று, துணிக்கடை வேட்டி மாதிரி வெள்ளை. மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடுத்த பிசின் கலவைக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

வீட்டில் அந்தக் கெட்டுப்போன தாளைப் புருஷன் முன்னால் விரித்தாள். அவனுக்கு முகமே செத்துவிட்டது. "காத்துல பறந்துச்சு. கீழே விழுந்துடப் போகுதேன்னு பிடிச்சேன். உன் வேலையைக் கெடுத்துட்டேனா?"

"கெடுக்கப் பாத்தீங்க."

மாமியார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான்மா. ரெண்டு பேர் பிரியறாங்கன்னா பொறுக்காது, நடுவுல போய் நிப்பான்."

சிரித்தவள் அப்படியே சுவரோரம் போய் எட்டி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "ஏம்மா, கேட்டியா! என் மருமக பிரிச்சுட்டா!"

"அடப்பாவமே, அத்தை! எப்போ தனியாப் போறாங்களாம்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.