எண்ணெய் தேய்த்த கிளிகள்

குற்றாலத்தில் சீசன் பங்களா வைத்திருந்த பண்ணையார் ஒருவர், தோட்டத்தில் ஓர் அறை அளவுக்குக் கம்பிவலை அடித்துக் கிளிகள் வளர்த்தார். அருவிக்கு வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். கூண்டைக் கழுவி இரை வைப்பது என் அம்மாவின் வேலை. நான் பத்தாவது தேறிய வருஷம், ஆனி மாதத்தில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். தென்காசியிலிருந்து அவளுக்குப் பதிலாக நான் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். துடைப்பத்தைக் கையில் வாங்கும்போதே எரிச்சல்தான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்த கிளி ஓர் உதறு உதறினால் தண்ணீர் போய்விடும். இவை இறகு உடம்போடு ஒட்டிப்போய், உதறவும் முடியாமல் நடுங்கின. ஒன்றைப் பிடித்தேன். விரல் வழுக்கியது. நல்லெண்ணெய்.

சமையல்கார அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"மதுரையில இருந்து விருந்தாளுக வருதாவ. கிளி பளபளன்னு இருக்கணும்னு முதலாளி சொன்னாவ. நேத்து உங்க அம்மைதான் தேய்ச்சா. குத்தாலத்துக்கு வந்துட்டு எவனாவது எண்ணெய் தேய்க்காம குளிப்பானா, ஏட்டி?"

அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை.

"கடலைமாவு குடுங்க, அண்ணாச்சி."

"கிளிய பஜ்ஜி போடப் போறியா?"

"போடுதேன். முதல்ல உங்க முதலாளிய மாவுல முக்கணும்."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் மாவைக் கொடுத்தார்.

கிளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். மாவைத் தூவி, எண்ணெயை ஒற்றி எடுத்தேன். கடித்துக் கையைக் கிழித்தன. ஒரு கிளி மட்டும் கடிக்கவில்லை. அது என் மடியிலேயே கழுத்தைத் தொங்கவிட்டது.

கார் வந்த சத்தம் கேட்டது. பண்ணையாரே அடுப்படிக்கு வந்தார்.

"கூண்டு காலியா கிடக்கு. விருந்தாளுக நிக்காவ. எல்லாத்தையும் கொண்டுபோய் விடு."

"காயாம விட்டா செத்துரும், ஐயா."

"பத்தாவது படிச்சா கிளி டாக்டரா? உங்க அம்மைக்கு நாளைக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அந்தக் கூண்டைக் கழுவிய கைதான் என்னைப் படிக்கவைத்தது. அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டார். செத்த கிளியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது பளபளன்னுதான் இருக்கு. இதக் கொண்டுபோய்க் காட்டுங்க."

அவர் வாங்கவில்லை. போய்விட்டார். மற்றவை காய்ந்து, கொய்யாப்பழத்தைக் கொத்தத் தொடங்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலோடு எழுந்து என்னை அறைந்தாள். மறுநாள் பங்களாவுக்குப் போய் நின்றாள், கேட்டைத் திறக்கவில்லை.

"மத்த கிளியெல்லாம் பொழச்சிட்டுதாம்" என்றாள் திரும்பிவந்து. "இனி நாமதான் பொழைக்கணும்."

அடுத்த வாரம் இருவரும் கீழப்பாவூருக்கு நடவுக்குப் போனோம். சேற்றில் குனிந்து நின்றபோதும் அந்த மனிதரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.