எண்ணெய் வழிய ஐந்தருவிக்கு: சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் பயணம்

முழங்காலில் தகடு வைத்துத் தைத்த பிறகு, என் வலது கால் எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. ஸ்கூட்டர் சறுக்கியதில் வந்த வினை. மருத்துவர் தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. நான்தான் நம்பவில்லை. படி இறங்கும்போதுகூட அதனிடம் அனுமதி கேட்டுத்தான் இறங்குவேன். இந்த ஆடியில் குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் முடிவெடுத்தேன். சென்னையிலிருந்து தனியாக, ஐந்து நாள், சுமார் 680 கிலோமீட்டர். எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. அருவிக்கு அடியில் போய் நின்றால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. முடியாவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போதே ஆள் தேட ஆரம்பித்துவிட்டாள்.

விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று நான்கு இரவுகள். லாட்ஜ் எல்லா ஊரிலும் எண்ணூறிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைத்தது. முதல் இரண்டு நாள் உடம்பு முரண்டு பிடித்தது. மதுரையைத் தாண்டியதும் என்னவோ ஆகிவிட்டது. நான் ஓட்டுவதாகவே தோன்றவில்லை, சாலைதான் எனக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டே கொஞ்சம் தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். (யாரும் முயல வேண்டாம்.)

ஐந்தாம் நாள் திருநெல்வேலியில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். இன்னும் அறுபது கிலோமீட்டர்தானே, ஒன்பது மணிக்கெல்லாம் அருவியில் நிற்கலாம் என்று ஒரு மிதப்பு. ஆலங்குளம் தாண்டியதும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று நேராக நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு இறங்கியது. முழங்கால் உள்ளுக்குள் கொதிக்க ஆரம்பித்தது.

பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நின்றேன். சந்தையில் காய்கறி லோடு ஏற்றி லாரியில் வந்த கீழப்பாவூர்க்காரர் ஒருவர், நான் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"இந்தக் காத்துல எங்கன போறிய அண்ணாச்சி?"

"குற்றாலம்."

"நான் செங்கோட்டைக்குத்தான் போறேன். சைக்கிளத் தூக்கி மேல போடுங்க, எறக்கி விட்டுருதேன்."

"இல்லங்க, ஓட்டியே போகணும்னு ஒரு இது."

"அட, யாரு பாக்கப் போறா?"

ஆசையாகத்தான் இருந்தது. வண்டிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நொடி கனவே கண்டுவிட்டேன். கும்பிட்டுவிட்டு ஏறி மிதித்தேன்.

குத்துக்கல்வலசையில் சாரல் பிடித்தது. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் தூற்றல், எதிரே மலையே இல்லை, வெறும் மேகம். தென்காசி தாண்டி மேலகரம் வழியாகப் பேரருவிக்கு வந்தபோது பதினொன்றரை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதுதானே ஊர் வழக்கம்? நானூறு ரூபாய் கொடுத்துப் பலகையில் படுத்தேன். தேய்ப்பவரின் கை முழங்கால் தழும்பில் நின்றது.

"உள்ள கம்பி வச்சிருக்காவளோ?"

"ஆமா. பாத்து…"

"நீங்க சும்மா கெடங்க."

அந்த இடத்தை நானே அழுத்தித் தொட்டதில்லை. அவர் கட்டைவிரலை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். வலி வந்தது, பிறகு எங்கோ போய்விட்டது. கண் சொருகியது.

விசில் சத்தத்தில் விழித்தேன். அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை. போலீஸார் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய்.

"மொதல்ல தண்ணியப் பாத்துட்டுல்லா எண்ண தேச்சிருக்கணும்?" என்றார், தேய்த்து முடித்தவர். "ஐந்தருவில விடுதாவளாம். ஆட்டோல போங்க. எண்ணக்காரவுகளுக்குன்னே சீட்டுல பிளாஸ்டிக் விரிச்சிருப்பாவ."

நான் சைக்கிளைக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "உள்ளங்கையிலயும் பெடல்லயும் போட்டுக்கிடுங்க, வழுக்காது."

நாலரை கிலோமீட்டர். அதில் ஏற்றம் வேறு. அரைக்கால் சட்டையும் துண்டும் எண்ணெயுமாக மிதித்தேன். சாரல் என்மேல் விழுந்து ஒட்டாமல் உருண்டது. எதிரே வந்த வேனிலிருந்து ஒரு குரல்: "ஏலே, அங்கன பாருலே, எண்ணயோட சைக்கிள் ஓட்டுதாரு!" நானும் கையாட்டப் போய்ச் சறுக்கி விழப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே அருவிச் சத்தம் கேட்டபோதுதான் கவனித்தேன், ஏற்றம் முழுவதும் முழங்காலின் நினைப்பே வரவில்லை.

தண்ணீர் தலையில் அறைந்தது. அழுதேன். அங்கே யார் அழுகிறார், யார் குளிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

கிளம்ப நினைப்பவர்களுக்கு: ஆடியில் எதிர்காற்று நிச்சயம், திருநெல்வேலியிலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாக வந்தால் காற்று பக்கவாட்டில் அடிக்கும், தேவலாம். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு லாட்ஜ் வாடகை இரட்டிப்பு. திரும்பும்போது தென்காசியில் ரயில் ஏறுவதானால், சைக்கிளைப் பார்சலில் ஏற்றுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். முக்கியமாக, தண்ணீரைப் பார்த்துவிட்டு எண்ணெய்க்குப் படுங்கள்.

அருவியில் பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, சத்தத்துக்கு மேல் கத்தினார்: "எந்த ஊரு?"

"சென்னை!"

"எதுல வந்திய? ரயிலா, பஸ்ஸா?"

குனிந்து, வலது முழங்காலைத் தட்டிக் காட்டினேன்.